ஆறு தவணை

பால்மா மணக்கும் மேசையில் மூன்று விண்ணப்பங்கள்.
கொழும்பு: ஒரு லட்சத்து எண்பதாயிரம்,
ரயிலும் தங்குமிடமும் நம் பாடு.
கண்டி கொஞ்சம் மலிவு; விரிவுரை ஆங்கிலத்தில்.
மூன்றாவது அட்டன், பேக்கரிக்கு மேல்மாடி,
சனி ஞாயிறு, தமிழில், ஆறு தவணை.
'பிள்ளையும் குடும்பமும்: பட்டப்பின் சான்றிதழ்.'
மூன்றிலும் பெயர் ஒன்றுதான்.

பிள்ளை மடுவத்துச் சம்பளத்தில்
சீட்டுக்காசையும் அப்பாவின் மருந்தையும் கழித்தேன்.
பிழையாய் இருக்குமென்று
இன்னொரு தரம் கழித்தேன்.

அட்டனுக்குக் கோல் எடுத்தேன்.
கட்டணம் கேட்கத்தான் எடுத்தது,
வாயில் வந்தது வேறு:
வெள்ளிக்கிழமைகளில் மட்டும் கடிக்கிற பிள்ளை
எந்தப் பாடத்தில் வரும்?

அந்தப் பக்கம் தாள் புரண்டது.
'அப்படி ஒன்றும் இல்லை மிஸ்.
யாருடைய பிள்ளை?'

கிஷோபன். மூன்றரை வயது.
மேல்கணக்கு லயம். தகப்பன் மரக்கறி லொறியில்.
தாய் குவைத்தில்,
வியாழன் இரவுதான் அவளுக்குப் பேசக் கிடைக்கும்.

சொல்லி முடித்த பிறகே
வியாழன் என்றது என் காதில் விழுந்தது.

அவர் காத்திருந்தார்.
முதல் தவணை எவ்வளவு என்று கேட்டேன்.

இடது மணிக்கட்டில் நாலு பல், இன்னும் சிவப்பாய்.
அந்தக் கையால் தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டு
பெயரை எழுதினேன்.