வேட்புமனு

வயிரவன் மிக்சி ரிப்பேர் கடை
ஒரு வாரம் பூட்டியிருக்கும்.
பல்லவனில் ஏறிப் போயிருக்கிறார்,
குடியரசுத் தலைவர் ஆக.

வயது முப்பத்தைந்து எப்போதோ தாண்டியாயிற்று.
ஆதாயம் தரும் பதவி எதுவும் இருக்கக் கூடாதாம்.
அதற்கு நானே சாட்சி.

முன்மொழிய ஐம்பது பேர்,
வழிமொழிய ஐம்பது பேர்,
அத்தனை பேரும் எம்.பி., எம்.எல்.ஏ.
எங்கள் கல்யாண மொய் நோட்டில்
நூற்று நாற்பது பேர் இருக்கிறார்கள்.
ஒரு கவுன்சிலர்கூட இல்லை.

டெபாசிட் பதினைந்தாயிரம்:
என் செயின்
செக்காலை ரோட்டு அடகுக் கடையில்.

தாலுகா ஆபீசில் மட்டும்
அலையவிடாமல் கொடுத்தார்கள்,
முத்திரை குத்திய ஒரு தாள்.
இவர் காரைக்குடி வாக்காளர்தான்,
பாகம் எண்பத்தேழு, வரிசை நானூற்றுப் பன்னிரண்டு.
அந்தத் தேர்தலில் மட்டும்
இவருக்கு ஓட்டில்லை.

போன தடவை மாதிரியே தள்ளுபடி.
பணம் பின்னால் வந்தது, முழுசாக.
எண்ணிக்கொண்டே சொன்னார்:
"டெபாசிட் இழக்கக்கூட
ஒரு தகுதி வேண்டியிருக்கு, மெய்யம்மை."

செயினை மீட்டேன். வட்டி நானூற்றைம்பது.
அந்தத் தாளின் நகலை
ரேஷன் கார்டோடு வைத்திருக்கிறேன்.
இப்படி ஒருவர் இருக்கிறார் என்று
யாரோ ஒரு அதிகாரி
பச்சை மையில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

தேதி போட மறந்துவிட்டார்.