கால்சியம் இல்லாத தட்டு

ஏரி உறைந்து ஆறு வாரம்.
குவோபியோவில் எல்லோரும் அதன்மேல் நடந்தே
வேலைக்குப் போவதாக வெளியூரில் ஒரு நினைப்பு.
நான் பேருந்தில் வந்தேன்.

நைட்ரஜன் தொட்டியைத் திறந்தால்
புகை தரையில் ஊர்ந்து காலணியை முகரும்.
உள்ளே, விரல் கணு அளவில் ஒரு குப்பி.
அதில் ஐம்பது லட்சம் செல்கள்,
இன்னொரு வயிற்றுக்குப் போகவிருந்து
போக முடியாத ஒரு கல்லீரலின் துளி.

தாளில் இருப்பது இவ்வளவுதான்:
பெண். ஐம்பத்து மூன்று. புகைப்பதில்லை.
மது எப்போதாவது.
இறந்த காரணம், தலைக்காயம்.
பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில்
ஏழு இலக்கங்கள்.

வெதுவெதுப்பான நீரில் ஆட்டினேன், தொண்ணூறு நொடி.
மிளகளவு பனி மிச்சமிருக்கையிலேயே
எடுத்துவிட வேண்டும்.
நீலச் சாயம் விட்டால்
செத்தவை குடித்துவிடும்.
உயிருள்ளவை வாய் திறக்காது.
நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று
வாய் திறக்கவில்லை.

கீழே கொலாஜன் மெத்தை.
மறுநாள் மேலே குளிர்ந்த கூழில் ஒரு போர்வை.
முதலில் அவை
பேருந்து நிறுத்தத்தில் எங்கள் ஊர்க்காரர்கள்போல்
இடைவெளி விட்டு நிற்கும்.
பிறகு தோள் உரசும்.
வெள்ளிக்கிழமை நுண்ணோக்கியில் குனிந்தால்
இரண்டு செல்களுக்கு நடுவே
ஒரு வெளிச்சக் கீற்று.

பித்தக் கால்வாய்.

யாரும் வெட்டச் சொல்லவில்லை.
போய்ச் சேரப் பித்தப்பை இல்லை,
குடல் இல்லை,
செரிக்க ஒரு கவளம் இல்லை.
உடம்பு போன சேதி தெரியாமல்
வாய்க்கால் வெட்டி வைத்திருக்கின்றன.

அதற்குள் சரக்கைத் தள்ளிவிடும் புரதங்களைக்
கடத்திகள் என்கிறோம்.
சுங்க அதிகாரி காதில் விழக்கூடாத சொல்.
இங்கே கடத்துவதே ஒழுக்கம்,
கடத்தாமல் வைத்துக்கொள்வதுதான் குற்றம்.

இரண்டு தட்டுகள்.
கால்சியம் உள்ளதில் செல்கள் கைகோத்து நிற்கும்,
கால்வாயில் போனது கால்வாயிலேயே கிடக்கும்.
இல்லாததில் பிடி தளரும்,
ஒளித்து வைத்ததெல்லாம் கொட்டிவிடும்.
ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால்
ஈரல் வெளியே அனுப்பியது எவ்வளவு என்று தெரியும்.
என் படிப்பு முழுவதும்
இந்த ஒரு கழித்தல் கணக்குக்குத்தான்.

ஓலுவிலிருந்து வந்த மருந்து, மூட்டுவலிக்கு.
அதற்கும் பெயரில்லை, எண் மட்டும்.
எலிகள் மூன்று மாதம் தின்று கொழுத்தன.

மருந்தில்லாத வரிசையில்
பித்த உப்பு நூற்றுக்கு அறுபத்து நான்கு வெளியேறியது.
மருந்துள்ள வரிசையில் ஏழு.
திரும்ப எண்ணினேன்.
ஏழு.

"கரைசலில் ஏதோ தப்பு," என்றான் வெய்யோ,
தன் திரையிலிருந்து கண் எடுக்காமல்.
அடுத்த வாரம் வேறொரு குப்பி:
ஆண், பத்தொன்பது, மோட்டார் சைக்கிள்.
எட்டு.

ஓலுவுக்குத் தொலைபேசியில் சொன்னேன்.
மறுமுனையில் சாத்து நெடுநேரம் பேசவில்லை.
"ஒன்பது வருடம்," என்றாள்.
பிறகு, அங்கே பனி பெய்கிறதா என்று கேட்டாள்.
பெய்கிறது என்றேன்.

எங்கோ ஒரு ஊரில், இன்னும் சில வருடம் கழித்து,
முழங்கால் வலியோடு மாடியேறப் போகும் ஒருவருக்குக்
கண் மஞ்சளாகப் போவதில்லை.
நடக்காமல் போனதற்கு
எந்த ஆஸ்பத்திரியிலும் பதிவேடு கிடையாது.
வலி மட்டும் அப்படியே இருக்கும்.
அதையும் என் கணக்கில்தான் எழுத வேண்டும்.

தட்டுகளில் வெளுப்பான் ஊற்றும் முன்
மிச்சமிருந்த ஒரு குழியில்
ஒளிரும் சாயம் விட்டுப் பார்த்தேன்.
தேவையே இல்லை, செலவுதான்.
பச்சை நரம்புகளாய்
அந்தப் பெயரில்லாதவள் வீட்டு வாய்க்காலெல்லாம்
எரிந்தன.
பிறகு ஊற்றினேன்.

பேருந்தில் தலைவலி.
பையில் கிடந்த பாராசிட்டமால் ஒன்றைத்
தண்ணீரில்லாமல் விழுங்கிவிட்டு
வலது விலாவுக்குக் கீழே கையை வைத்தேன்,
மேல்கோட்டுக்கு மேலாகவே.

ஒரு சத்தமும் இல்லை.