பின்பக்கக் கடல்

ஐந்து பெட்டி, கூடவே ஒரு பேஸ் பெட்டி.
ஒரு மூலை நசுங்கியிருந்ததால்
மூர் மார்க்கெட்காரன் நானூறு குறைத்துக்கொண்டான்.
பாதிக் காசு நான், பாதி ரூபன்.
எந்தப் பாதி எவருடையது என்பது மட்டும்
இரண்டு வருடமாகத் தீரவில்லை.

கொருக்குப்பேட்டையில் பத்துக்குப் பத்து அறை.
முன்னிரண்டும் டிவிக்கு இருபுறம்.
நடுப்பெட்டி அதன் தலைக்கு மேலே பலகையில்.
பின்வலது பீரோமேல்.
பின்னிடதுக்கு இடமேயில்லை,
சிலிண்டருக்கு மேல் ஆணியடித்து மாட்டினோம்.
ரசம் தாளிக்கும்போதெல்லாம்
அதன் வலைத்துணியில் கடுகு தெறிக்கும்.

மேசைக்குப் பின்னால் மூன்று பின்கள்:
பச்சை, கறுப்பு, ஆரஞ்சு.
பத்து மணிவரை மூன்றும் என் கம்ப்யூட்டருக்கு.
கல்யாண வீடியோ வெட்டிப் பிழைக்கிறேன்.
கெட்டிமேளத்தை முன்னால் நிறுத்தி
"இந்த இலைக்கு சாம்பார்" என்பவரைப்
பின்வலதுக்குத் தள்ளுவேன்.
இரண்டு பெட்டியில் கேட்கப்போகிறவர்களுக்கு
எதற்கு இது என்பான் ரூபன்.
எனக்குத்தான்.

பத்துக்கு மேல் அவன் முறை.
ஹார்பரில் கன்டெய்னர் நம்பர் எழுதிவிட்டு வந்து
குனிந்து பச்சையை மட்டும் பிடுங்கி
கன்சோலில் செருகுவான்.
அதற்கு இரண்டு வாய்தான்.
மீதியையும் பிரித்துத் தர இன்னொரு டப்பா வேண்டும்,
ரிச்சி தெருவில் ஆயிரத்து எண்ணூறு.
முதுகில் வருபவன் காலடி கேட்காமல்
ஒரு ராத்திரிக்குப் பதினோரு முறை சாவான்.
"ஊரான் கல்யாணத்துக்கு அஞ்சு பெட்டி,
எனக்கு ரெண்டா?"

ஐப்பசியில் ஒருநாள்
மணி பத்து அடித்ததா இல்லையா என்று ஆரம்பித்து
அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவு வரைக்கும் போனது.
அப்புறம் ஏழு நாள் பேச்சில்லை.
பின்கள் மட்டும் பேசின.
வயரை வளைத்துச் சுருட்டி வைத்திருந்தால்
இன்று கோபம் கொஞ்சம் கம்மி.
பிடுங்கி எறிந்திருந்தால்
சூப்பர்வைசர் ஏதோ சொல்லியிருக்கிறான்.

எட்டாவது நாள்
லிவிங்ஸ்டன் என்று ஒரு பையன்
தன் குறும்படத்துக்குக் கடல் கேட்டான்.
விடியற்காலை நாலரைக்குக் காசிமேடு போய்
போனில் பிடித்தேன்.
ஏலக்குரல் வரும் இடத்தையெல்லாம் நறுக்கி
அலையை மட்டும் பின்னிரண்டுக்கும் அனுப்பி
எங்கே ஒட்டு தெரிகிறதென்று
சுற்றிச் சுற்றி ஓடவிட்டுக் கேட்டிருந்தேன்.
அப்படியே தூங்கிப்போனேன்.

அவன் வந்தது தெரியாது. பச்சையைப் பிடுங்கியிருக்கிறான்,
அவசரத்தில் ஆரஞ்சும் கூட வந்துவிட்டது.
கறுப்பு என்னிடமே.

பனிமலை ஒன்றின் உச்சியில்
துப்பாக்கியோடு குப்புறப் படுத்திருந்தவன்
ஆட்டத்தை நிறுத்திவிட்டு
நிஜமாகவே திரும்பிப் பார்த்தான்.
பின்னால் சிலிண்டர்,
கொடியில் அவனுடைய ஈரக் கைலி.

"யக்கா.
இந்தப் பனியில கடல் எங்கேர்ந்துக்கா?"

"நேத்து காசிமேட்ல புடிச்சேன்.
நிறுத்தட்டா?"

"வோணாம். ஓடட்டும்."

அன்றைக்கும் அவனைப் பின்னாலிருந்துதான் சுட்டார்கள்,
அலைச்சத்தத்தில் மறைந்து வந்து.
திட்டவில்லை. திரும்ப மலை ஏறினான்.
நான் கண்ணை மூடியபடி
ஒட்டு வரும் இடத்துக்காகக் காத்திருந்தேன்.
பதினெட்டாவது நொடி, சின்னதாக ஒரு தடுக்கல்.
அதைச் சரிசெய்ய வேண்டும்.

இரண்டே காலுக்கு கூட்ஸ் போனது.
எதிலும் செருகப்படாமல்
ஆரஞ்சுப் பின் தரையில் கிடக்க
பேஸ் பெட்டி
தானாகவே கொஞ்சநேரம் அதிர்ந்துகொண்டிருந்தது.