ஈர மணலுக்கு ஒன்று

போன ஆகஸ்டில், மிடில்கெர்க்கெ கடலில்
இடுப்பளவு தண்ணீரில் நின்று
சிரீல் சிரித்தான். அலை வந்தது.
மேல்வரிசையின் மூன்று தங்கப் பற்கள்
ஒரே கோர்வையாய்க் கழன்று போயின.

அதிலிருந்து அவன் சிரிப்பு
கைக்குப் பின்னால்தான்.
விசிலடிக்கும் எழுத்துகளைச் சுற்றிக்கொண்டு போகிறான்.
சனிக்கிழமை என்று சொல்வதில்லை,
வெள்ளிக்கு மறுநாள்.

முதலில் வாங்கியது எண்பது யூரோ.
காய்ந்த மணலில் தங்கமான பிள்ளை.
ஈரத்தில் வைத்ததும் வீறிட்டது:
உப்புத் தண்ணீரில் மின்சாரம் ஓடுமாமே,
கடல் முழுவதையும் உலோகம் என்று
நம்பிவிட்டது, பேதை.
உணர்திறனைக் குறைத்தேன். கத்தல் நின்றது.
காதும் போயிற்று.
என் மோதிரத்தையே கழற்றிப் புதைத்துப் பார்த்தேன்,
அதன் மேலேயே நடந்து போனது.

கடையில் ஃபோன்ஸ் இரண்டை எடுத்து வைத்தான்.
டே பன்னே முதல் க்னோக்கே வரை
முப்பத்தோராண்டு டிராம் ஓட்டியவள் நான்.
நிறுத்தத்தில் நிற்கும் முகத்தைப் பார்த்தே சொல்வேன்,
இவர் டிக்கெட் எடுப்பார், இவர் எடுக்கமாட்டார்.
இந்த இரண்டின் முகமும் பிடிபடவில்லை.

"இது ஒரே நேரத்தில் பல அலைவரிசை பேசும்.
உப்பைக் கழித்துவிட்டு
கிடப்பது இன்னதென்று எண்ணில் சொல்லும்.
ஒன்று மட்டும்: மெல்லிய தங்கத்துக்கும்
சாக்லேட் சுற்றிய தாளுக்கும் கிட்டத்தட்ட ஒரே எண்.
தாள் வேண்டாமென்று அடைத்தால்
பல்லும் சேர்ந்து அடைபடும்.

இது துடிப்பு வகை. கடலைச் சட்டையே செய்யாது.
ஆழம் போகும்.
ஆணியும் ஆணிப்பொன்னும் இதற்கு ஒன்றுதான்."
பிறகு குரலை இறக்கினான்.
"நம் கரை உனக்குத் தெரியாததா, கொதலீவ,
இரண்டு போரின் இரும்பு.
அதையும் இது அதே குரலில்தான் சொல்லும்."

முகம் பார்த்தேன் என்றேனே,
ஆனாலும் முப்பத்தோராண்டும்
நின்ற எல்லோருக்கும் கதவைத் திறந்தேன்.
எனக்கு ஆள் பார்த்து ஏற்றத் தெரியாது.
"இரண்டாவதைக் கட்டு."
அறுநூற்று நாற்பது. பேரத்தில்
ஓட்டைபோட்ட அள்ளி ஒன்று இலவசம்.

பிப்ரவரி. வடமேற்குக் காற்று மூன்று நாள் அடித்து
கரையை ஒரு முழம் வழித்துக்கொண்டு போன மறுநாள்,
கடல் வற்றிய காலை.
ஊமை போல வந்தது கருவி; அலைநுரையில் வைத்தாலும்
வாய் திறக்கவில்லை. பேசினால் மட்டும் தோண்டினேன்.
பீர் டின்னின் வளையம், பதினான்கு.
கூடார முளை.
ஐந்து ஃபிராங்க், இனி எந்தக் கடையிலும் செல்லாது.
ஒரு பொம்மைக் கார், மூன்று சக்கரம்.
பல் இல்லை.

பிறகு அந்தச் சத்தம்.
அகலமாய், காலடிக்குக் கீழ் எங்கிருந்தும்.
மணிக்கட்டு ஆழத்தில் துருவின் வளைவு
விரலில் பட்டது. கை நின்றது.
இந்தக் கரைப் பிள்ளைகள் நாங்கள்
எழுத்துக்கு முன்பே படித்த பாடம்:
தொடாதே. நகரு. சொல்லு.

வண்டி வந்தது, நாடா கட்டினார்கள்.
சிரீலும் வந்து நாடாவுக்கு இப்பால் நின்றான்,
என் கோட்டுப் பையில் கைவிட்டபடி.
ஹெல்மெட் போட்ட ஒருவர் குப்புறப் படுத்து
ஈர மணலை விரலால் வழித்தார், இருபது நிமிடம்.
நீர் ஏறத் தொடங்கியிருந்தது.
எழுந்தார். கைக்குழந்தையைப் போல ஏந்தி வந்தார்.

வாஃபிள் வார்க்கும் இரும்பு.
ஒரு பாதி மட்டும், கைப்பிடியோடு.
கட்டம் கட்டமாய்க் குழிகள்,
குழிக்குக் குழி ஈர மணல், அளந்து ஊற்றிய மாவாட்டம்.

சிரீல் சிரித்தான்.
கை மேலே போகவில்லை, என் பையிலேயே கிடந்தது.
மூன்று பல் அகலத்துக்கு இருட்டு.
"சனிக்கிழமை சுட்டுத் தா" என்றான்,
இரண்டு சகரமும் விசிலடிக்க.

பள்ளத்தை மூடினேன்.
பேட்டரியில் இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.