துக்குசேயில் சாவன் மாதம்

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பது
துக்குசேயில் பாதிதான் செல்லும்.
பத்து மணிக்கு உமி பறக்கும்;
பன்னிரண்டுக்கு வாற்கோதுமையே பறக்கும்.
கூரைக்கொடி வடக்கே விறைத்ததும்
ரூப்கலா முறத்தைக் கவிழ்த்துவிடுவாள்.

மற்ற மாதங்களில் இருட்டினால்
காற்று இறங்கிப் போய்விடும்
ஆற்றோடு, தெற்கே.
சாவனில் போவதில்லை.
திபெத் மேடு இரவிலும் இழுக்கிறது.
காளி கண்டகி கீழே ஓட
காற்று அதன்மேல் எதிரேறுகிறது.

காஸாவில் கொட்டித் தீர்த்துவிட்டதாம்.
பாதை சரிந்து மூன்று நாளாய்
கோவேறு கழுதைகளோடு புருஷன் அங்கே.
இங்கே ஒரு துளி இல்லை,
முற்றத்தில் புழுதி.

நள்ளிரவில் கதவிடுக்கு விசிலடிக்கிறது.
எழுந்து போய்த் திறந்து
முகத்தைக் கொடுத்து நிற்கிறாள்.
ஈரமண் வாசம்.
கொஞ்சம் கழுதை வாசமும்
என்று
அவளாகச் சேர்த்துக்கொள்கிறாள்.