தரைத்தளம்

தலவாக்கலையில் கோச்சி நின்றது.
கதவு தானாகத் திறக்குமென்று
நின்றுகொண்டே இருந்தேன்.
லீக்ஸ் மூட்டையொன்று முதுகில் இடித்தது.
"எறங்குங்க அண்ணே, இல்லாட்டி வழிய விடுங்க."

பதினோரு வருசம் தோஹாவில் லிப்ட் பார்த்தவன் நான்.
பார்த்தவன் என்றால் ஏறிப் போனவனில்லை.
கூண்டின் கூரைமேல் குந்தியிருந்து
கம்பிக்கு எண்ணெய் போட்டவன்.
நாற்பத்திரண்டு மாடி இருட்டை
டோர்ச் வெளிச்சத்தில்
அங்குலம் அங்குலமாய்ப் படித்தவன்.

ரோட்டிலிருந்து எங்கள் லயத்துக்கு
நூற்றுப் பதினாறு படி.
எண்ணியது இப்போதுதான்.
சின்னதில் எண்ணும்படி மூச்சு வாங்கியதில்லை.
ஐம்பதாவது படியில் நின்று
மலையைப் பார்ப்பதுபோல் பாவனை செய்கிறேன்.
கொழுந்துச் சாக்கோடு இறங்கிவரும் தமயந்தி மதினி
"வெளிநாட்டு நெஞ்சு" என்று
சிரித்துவிட்டுப் போகிறாள்.

குளிர் என்றால் எனக்கு
பதினெட்டில் வைத்துப் பூட்டிய குளிர்.
யாரோ ரிமோட்டைப் பிடுங்கி
தேயிலைக்குள் வீசிவிட்டார்கள்.
மூன்று போர்வைக்குள் கிடந்து
தேடிக்கொண்டிருக்கிறேன்.

கடையில் "சேட்டா, ஒரு சோப்பு" என்றேன்.
முதலாளி கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.
அறையில் நாங்கள் எட்டுப் பேர்.
பிஜுவின் மலையாளம், அன்வரின் வங்காளம்,
சூப்பர்வைசரின் ஹிந்தி,
எல்லாவற்றையும் ஒரே சட்டியில் கிண்டித் தின்ற வாய்.
அங்கே என் பெயர் ஸ்ரீலங்கா.
இங்கே மூன்றே வாரத்தில் கட்டார்.
கட்டார் வந்திருக்கு, கட்டாரிடம் கேள்,
கட்டார் ரெண்டாயிரம் கைமாத்து தருமா.
தவசீலன் என்று ஒருத்தன்
நடுவானத்தில் இறங்கிக்கொண்டான் போல.

வங்கி வரிசையில்
எனக்கு முன்னால் இரண்டு பேர்.
அரைமணி நேரம் கழித்து ஏழு பேர்.
"சும்மா ஒரு கையெழுத்து மட்டுந்தான் மாமா."
கோபம் வந்தது.
அதை எந்த மொழியில் படுவதென்று
யோசிப்பதற்குள் கவுண்டரை மூடிவிட்டார்கள்.

கிஷாந்தினிக்குப் பதின்மூன்று.
திரைக்குள் நானிருந்தபோது
அப்பா அப்பா என்று வாய் ஓயாதவள்
கதவில் சாய்ந்துகொண்டு
"தேத்தண்ணி வேணுமான்னு கேளுங்கம்மா" என்கிறாள்.
நான் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.
ராத்திரி எட்டு மணி,
நான் வழக்கமாய் அழைக்கும் நேரம்.
போனை எடுத்துப் பார்த்துவிட்டு வைக்கிறாள்.
நானும்தான்.

நேற்று அவளுக்குச் சப்பாத்து வாங்கப் போனோம்.
டவுனில் புதிதாய் ஒரு மூன்று மாடிக் கடை.
சேலைகளைத் தாண்டி ஒரு மூலையில்
லிப்ட்.
கால் தானாய்ப் போனது.
கதவுக்குப் பலகை முட்டுக் கொடுத்து,
உள்ளே பழைய பொம்மைகளை அடுக்கியிருந்தார்கள்,
தலையில்லாத ஐந்து பொம்மைகள்.
கைகள் தனியாக ஒரு சாக்கில்.
"கரண்ட் பில்லுக்குப் பயந்து போடுறதில்ல"
என்றான் கடைப் பையன்.

நடுவில் கொஞ்சம் இடமிருந்தது.
ஏறி நின்றேன்,
வாசலைப் பார்த்து, கையைக் கட்டி,
பக்கத்திலிருப்பவரைப் பார்க்காமல்,
அங்கே எல்லோரும் நிற்பார்களே, அப்படி.
பித்தானை அமுக்கினேன்.
காதைச் சுவரில் வைத்தேன்.
அசையாமல் தொங்கும் கம்பிக்கும் ஒரு சத்தம் உண்டு,
பழகியவனுக்குக் கேட்கும்.

பையன் யாரையோ கூப்பிட்டுக் காட்டினான்.
இரண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.
கிஷாந்தினி வாசலில் வந்து நின்றாள்,
காது சிவந்து.
"அது ஓடாதுப்பா. எறங்குங்க."

என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.
அம்மா அங்கே இல்லை.

என்ன சொல்வதென்று தெரியாமல்,
"மேலே ஒரு மூடி இருக்கும்,
அதைத் திறந்தால்தான் உள்ளது தெரியும்" என்றேன்.
பையனை ஒரு தடவை முறைத்துவிட்டு
சாக்கைக் காலால் தள்ளி
உள்ளே வந்தாள்.
போனில் டோர்ச்சைப் போட்டு
உயரே பிடித்தாள்.

"எங்க?"