நுரை வராத வியாழக்கிழமை

தொழிற்சாலை மூடிய வாரம்
திலோஷ்னி தன் பர்ஸைத் திறந்து
நானூறு ராண்ட் எண்ணி மேசையில் வைத்தாள்.
"இனிமேல் கடைக்கு நீங்கள்."
குரலில் கோபம் இல்லை, கிண்டல் இல்லை.
அதுதான் பயமாக இருந்தது.

பத்தொன்பது வருடம் துணி வெட்டியவன் நான்.
காலர் வளைவுக்குள் கைப்பட்டி,
கைப்பட்டி இடுக்கில் பாக்கெட் என்று
பள்ளிச் சட்டைகளை நெருக்கி வரைந்து
சுருளுக்கு முக்கால் அங்குலம் மிச்சம் பிடித்தால்
மேலாளர் தலையசைப்பார்.
அந்த முக்கால் அங்குலம்
யார் வீட்டுக்குப் போனதென்று
ஒருநாளும் கேட்டதில்லை.

இப்போது அதே கண்
சாட்ஸ்வர்த் வெள்ளிச் சந்தையை அளக்கிறது.
காலையில் ஒரு தட்டுத் தக்காளி இருபது.
மூன்று மணிக்குக் கடல் பக்கம் கறுத்தால் பதினைந்து.
கடைக்காரர் தார்ப்பாயை மடிக்கத் தொடங்கிவிட்டால்
இரண்டு தட்டு இருபது;
கொஞ்சம் கனிந்திருக்கும்,
ரசத்துக்கு அழகா முக்கியம்?
கொத்தமல்லியை வேரோடுதான் வாங்குவேன்.
வேரைத் தயிர் டப்பாவில் நட்டு வைத்தால்
நான்கில் ஒன்று பிழைக்கிறது.

பத்துக் கிலோ வெங்காயப் பையை
பக்கத்து வீட்டு ம்கீஸே அம்மாவும் நானும்
குளியலறைத் தராசில் பாதி பிரிக்கிறோம்.
முதலில் வெறுங்கையோடு நான் ஏறி,
பிறகு வெங்காயத்தை அணைத்துக்கொண்டு ஏறி,
கழித்துப் பார்ப்பது.
அவர் கணக்கில் கெட்டி.
போன மாதம் எழுபத்தொன்று,
இந்த மாதம் அறுபத்தாறு.
வெங்காயத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.
தராசு பழசு என்றேன்.

பருப்பு நன்றாகக் கொதித்ததும் அடுப்பை அணைத்து
பானையைக் கம்பளியில் சுற்றிக்
கட்டிலில் உட்கார வைக்கிறேன்.
"பருப்புக்குக் காய்ச்சலாப்பா?" என்கிறாள் கெரிஷா.
இரண்டு மணி நேரத்தில் தானே வெந்துவிடுகிறது;
மின்மீட்டருக்குத் தெரியாது.

எல்லாம் ஜெயம் என்று சொல்லமாட்டேன்.
சலுகை விலையில் வாங்கிய ஆறு டின் பீச் பழம்
அலமாரியில் அப்படியே இருக்கிறது.
எங்கள் வீட்டில் யாரும் பீச் தின்பதில்லை.
நோட்டில் எழுதியிருக்கிறேன்:
நஷ்டம், நூற்று இருபது.

பாத்திரம் கழுவும் பச்சைத் திரவம்
பாதிக்கு இறங்கியதும்
தண்ணீர் விட்டுக் குலுக்கி வைப்பேன்.
இதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

வியாழன் இரவு, மீன்குழம்புச் சட்டி.
பிதுக்கினேன். நுரை இல்லை.
இன்னொரு முறை பிதுக்கினேன்.
குப்பியை விளக்குக்கு நேரே பிடித்தேன்:
பச்சை என்று ஒரு நினைப்பு மட்டும் இருந்தது,
அதன் வழியே, மறுபக்கம், திலோஷ்னியின் முகம்.

"எத்தனை முறை?"
"இரண்டு."
"நானும் இரண்டு" என்றாள்.

கெரிஷா எழுந்துவிடுவாளென்று
கை வைத்து வாயை மூடிச் சிரித்தோம்.
சிரிப்பு அடங்கும் முன்பே
அவள் சொல்லிவிட்டாள்:
திரும்பி வரும்போது டாக்ஸி இல்லை,
நடைதான், ஏழு வாரமாக.
நானும் சொன்னேன்:
நீங்கள் இருவரும் வெளியே போன நாட்களில்
எனக்கு மதியச் சாப்பாடு கிடையாது.

சட்டியில் எண்ணெய் உறைந்துகொண்டிருந்தது.

துணி வெட்டுபவனுக்கு
முதல் நாளே சொல்லிக் கொடுப்பது ஒன்று:
தையலுக்கு விட்ட அரை அங்குலத்தில்
கை வைக்காதே.
அங்கே மிச்சம் பிடித்த சட்டை
குழந்தை கையைத் தூக்கியதும் கிழியும்.
பத்தொன்பது வருடம் தெரிந்த பாடம்
சமையலறைக்குள் வரும்போது
வாசலில் கழற்றி வைத்துவிட்டேன் போல.

கெட்டிலில் வெந்நீர் வைத்து,
கல்லுப்பும் பிழிந்த எலுமிச்சைத் தோலும் போட்டு
அவள் தேய்க்க, நான் அலசினேன்.
சட்டி பளிச்சென்று ஆனது.
அதன் பிறகு, எதற்கென்று தெரியாமல்,
ஒரு பீச் டின்னைத் திறந்தோம்.
அவ்வளவு மோசமில்லை.

நாளைக்குப் புதுக் குப்பி, முழு விலையில்.
அதற்கும் தண்ணீர் சேரும்,
ஒரே ஒரு முறை.
யார் ஊற்றினாலும்
என் பழைய தையல் சுண்ணத்தால்
குப்பியில் ஒரு கோடு போட வேண்டும்.